டிசம்பர் 24, சாயங்காலம் நாலு மணி: இனிமே என்ன பிளான் போடறது?

எல்லா வருஷமும் இதே கதைதான். டிசம்பர் 24 சாயங்காலம் நாலு மணிக்கு கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன் "இன்னைக்கு நைட் என்ன பிளான்?"னு கேப்பான். பதினஞ்சு பேர் ஸ்மைலி போடுவாங்க. பிளான் மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க. ஏழு மணிக்குப் பார்த்தா எல்லாரும் ஏதோ ஒரு மால் வாசல்ல நிப்போம்.

என்னோட முதல் ரெண்டு வருஷம் அப்படித்தான் போச்சு. பெரிய கிறிஸ்துமஸ் மரத்துக்கு முன்னாடி போட்டோ எடுக்க அரை மணி நேரம் லைன். ஃபுட் கோர்ட்ல உட்கார இடம் இல்லை. கடைசியா ரோட்டோரத் தள்ளுவண்டியில காளான் சாப்பிட்டு வீட்டுக்கு வந்தேன்.

போன வருஷம் நடந்தது வேற. என் கிளாஸ்மேட் ஒருத்தன் நாகாலாந்துக்காரன், ஹாஸ்டல்ல இருக்கான். கோயம்புத்தூர் வழியாப் போற விவேக் எக்ஸ்பிரஸ்ல திமாப்பூர் போகவே மூணு நாள் ஆகும். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு நடுவுல அவனால போக முடியலை. 24-ம் தேதி சாயங்காலம் எனக்கு மெசேஜ் பண்ணான்: "இங்க பக்கத்துல சர்ச் எங்க இருக்கு?" நான் பொறந்து வளர்ந்தது சிங்காநல்லூர். இருபது வருஷமா இதே ஊர். எனக்குப் பதில் தெரியலை. மேப் லிங்க் ஒண்ணு அனுப்பிட்டு நான் பாட்டுக்குக் கிளம்பிட்டேன்.

லேப்ல பார்க்கும்போது சொன்னான். பெரிய கடை வீதியில இருக்கிற பேராலயத்துக்குத் தனியாப் போயிருக்கான். அவன் பாப்டிஸ்ட், அது கத்தோலிக்க ஆலயம். ஆனாலும் உள்ள போய் உட்கார்ந்திருக்கான். பூசை முடிஞ்சதும் முன்பின் தெரியாத ஒரு அக்கா கையில கேக் துண்டு கொடுத்து, "சாப்ட்டியா கண்ணு?"னு கேட்டாங்களாம். அவனுக்குத் தெரிஞ்ச கொஞ்சூண்டு தமிழ்ல அந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரியும். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். எனக்குத்தான் சுருக்குன்னு இருந்துச்சு. ஊர்க்காரன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இந்தக் கட்டுரை, அன்னைக்கு அவனுக்கு நான் அனுப்பியிருக்க வேண்டிய பதில். கடைசி நேரத்துல பிளான் போடற எல்லாருக்கும் இது உதவும்.

முதல்ல எதை விடலாம்?

ஊட்டியை விட்டுடுங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து போற மலை ரயிலுக்கு லீவு நாள் டிக்கெட் முன்னாடியே தீர்ந்துடும். சொந்த வண்டியில போனா இ-பாஸ் எடுக்கணும். அது கிடைச்சாலும் மலைப்பாதை டிராஃபிக்லயே பாதி கிறிஸ்துமஸ் முடிஞ்சிடும். ஹோட்டல் பஃபே, டிக்கெட் போட்ட பார்ட்டி எல்லாம் 24 சாயங்காலம் யோசிக்கிற விஷயமே இல்லை.

கவனிச்சுப் பாருங்க. கடைசி நேரத்துல கிடைக்காமப் போறது எல்லாம் காசு கொடுத்து வாங்கறதுதான். கதவு திறந்திருக்கிற இடங்களுக்கு முன்பதிவே கிடையாது.

24 இரவு எங்க போகலாம்?

டவுன்ஹால் பக்கம் போங்க. கோனியம்மன் கோயில், அத்தார் ஜமாத் பள்ளிவாசல், சர்ச்சுகள் எல்லாம் நடந்து போற தூரத்துல இருக்கிற பழைய கோயம்புத்தூர் அதுதான்.

பெரிய கடை வீதியில இருக்கிறது புனித மைக்கேல் பேராலயம். கத்தோலிக்கக் கோயம்புத்தூரின் தலைமை ஆலயம். 1850-ல் கோயம்புத்தூர் தனி மறைப்பகுதி ஆனபோது அதன் முதல் ஆயர் மரியோன் பிரெசிலாக் என்ற பிரெஞ்சுக்காரர். பிறகு அவர் ஊர் திரும்பி, 1856-ல் லியோன் நகரத்தில் ஆப்பிரிக்காவுக்கான ஒரு மறைபணிச் சபையைத் தொடங்கினார். 1859-ல் சியரா லியோனில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். நாம ஜவுளி எடுக்கப் போற தெருவுல இப்படி ஒரு கதை இருக்கு.

கத்தோலிக்க ஆலயங்களில் 24 இரவுதான் முக்கியம். பாடல்கள் முதல்ல, அப்புறம் நள்ளிரவுப் பூசை. குழந்தை இயேசு சொரூபத்தைக் குடிலில் வைக்கும் நேரம்தான் எல்லாரும் காத்திருக்கும் நேரம். புலியகுளம் அந்தோணியார் ஆலயம், காந்திபுரம் பாத்திமா அன்னை ஆலயம் எல்லாத்துலயும் நல்ல கூட்டம் இருக்கும்.

ராத்திரி வெளியே போக முடியாதவங்களுக்கு (லேடீஸ் ஹாஸ்டல் கேட் எத்தனை மணிக்கு மூடும்னு எல்லாருக்கும் தெரியும்) 25 காலைதான் சரி. சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பொதுவாகவே விடியற்காலை ஆராதனைதான் விசேஷம். டவுன்ஹால் பக்கம் இம்மானுவேல் ஆலயம், ரேஸ்கோர்ஸில் ஆல் சோல்ஸ் ஆலயம். இரண்டுக்கும் வேர் வேற வேற. இம்மானுவேல், 1830-ல் இங்கே வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் என்பவரின் பணியில் வளர்ந்த சபை. ஆல் சோல்ஸ், ஆங்கிலேய அதிகாரிகள் கும்பிட்ட ஆங்கிலிக்கன் ஆலயம். சுதந்திரம் கிடைச்சு ஆறு வாரத்துல, 1947 செப்டம்பர் 27 அன்று, தென்னிந்தியாவின் பல புராட்டஸ்டண்ட் சபைகள் சேர்ந்து ஒரே சபை ஆச்சு. அதுதான் சி.எஸ்.ஐ. தமிழ் புரியாத நண்பர்களைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா ஆல் சோல்ஸ் நல்லது, அங்கே ஆங்கில ஆராதனை உண்டு.

கோயம்புத்தூர் டவுனுக்கு வர முடியாதவங்களுக்கும் வழி இருக்கு. அவிநாசி ரோட்டுல இருக்கிற காலேஜ்காரங்க கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்துக்குப் போகலாம். கொங்குப் பகுதியின் பழைய கத்தோலிக்க ஊர்களில் அது ஒண்ணு. ஈரோட்டுக்காரங்க தினமும் "பிரப் ரோடு"ன்னு சொல்றீங்களே, அந்தப் பிரப் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த ஒரு மிஷனரி. அவர் பேர்ல ஆலயமே இருக்கு, போய்ப் பாருங்க.

நேரம் ஒவ்வொரு ஆலயத்துக்கும் மாறும். வாசல் போர்டுல பாருங்க, இல்லைன்னா போன் பண்ணிக் கேளுங்க. நள்ளிரவுக்கு மேல டவுன் பஸ்ஸை நம்ப முடியாது. அதனால அவுட்பாஸ், திரும்பி வர வண்டி ரெண்டையும் கிளம்பும்போதே முடிவு பண்ணிடுங்க.

நாம கிறிஸ்டியன் இல்லையே, போலாமா?

தாராளமா. நானே கிறிஸ்டியன் இல்லை. மூணு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒண்ணு, எல்லாரும் எழுந்தா எழுந்துக்கோங்க, உட்கார்ந்தா உட்காருங்க. ரெண்டு, கத்தோலிக்கப் பூசையில நற்கருணை வாங்க வரிசையாப் போவாங்க. அது அவங்க சபையில சேர்ந்தவங்களுக்கானது. நீங்க இருந்த இடத்துலயே இருங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. மூணு, போட்டோ எல்லாம் பூசை முடிஞ்ச பிறகு, குடில் பக்கத்துல.

குடிலைச் சும்மா பார்த்துட்டு வராதீங்க. 1223-ல் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில், அசிசி பிரான்சிஸ் நிஜ மாடு, கழுதை, வைக்கோல் வெச்சு ஒரு குகையில் பெத்லகேம் காட்சியை அமைச்சார். குடில் வைக்கிற வழக்கம் அங்கிருந்துதான் பரவியது. இயேசு பிறந்தது மாட்டுத் தொழுவத்துலன்னு கண்ணால பார்க்கணும்னுதான் அவர் அதைச் செஞ்சார். கட்டுத்தறியும் வைக்கோல் போரும் பார்த்து வளர்ந்த கொங்கு கிராமத்துப் பசங்களுக்கு அதை யாரும் விளக்கவே வேண்டாம்.

ரூமுக்கு ஒரு நட்சத்திரம்

கடையில நட்சத்திரம் தீர்ந்துடுச்சா? ரெண்டு மணி நேரத்துல நாமளே செய்யலாம். ஒரே நீளத்துல பத்து மெல்லிய மூங்கில் குச்சி எடுங்க. அஞ்சு குச்சியில ஒரு நட்சத்திரம், அஞ்சு குச்சியில இன்னொண்ணு. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, அஞ்சு முனையையும் நூலால கட்டுங்க. இப்போ நடுவுல குச்சிகள் ஒண்ணையொண்ணு வெட்டிக்கிற அஞ்சு இடத்துலயும் ஒரு சின்னக் குச்சியைக் குறுக்கே நிறுத்துங்க. தட்டையா இருந்த நட்சத்திரம் உப்பி நிக்கும். வளைஞ்ச குச்சிகள் திரும்ப நேராகப் பார்க்கும், நூல் விடாது. அந்த இழுவிசையிலதான் மொத்தமும் உறுதியா நிக்குது. மெக்கானிக்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சவனுக்கும் இது புரியும். மேல வண்ணக் காகிதம் ஒட்டி உள்ள சின்ன எல்.இ.டி. பல்பு போடுங்க. பழைய குண்டு பல்பு வேண்டாம், சூட்டுல காகிதம் பத்திக்கும்.

ஜெர்மனியில் இதுக்கு ஒரு அண்ணன் உண்டு. 1830-களில் மொரேவியன் சபையின் ஒரு பள்ளியில் ஜியோமெட்ரி பாடத்துக்காகச் செய்யப்பட்ட நட்சத்திரம் அது. 18 சதுரமும் 8 முக்கோணமும் சேர்ந்த 26 முகம் கொண்ட வடிவத்தில், தொங்கவிட ஒரு சதுரத்தை விட்டுட்டு மீதி 25 முகத்துலயும் கூம்பு. சிவில், மெக்கானிக்கல் ஆளுங்க யாராவது கேட்ல வரைஞ்சு பாருங்க.

கேக்கும் சீட்டும்

பிளம் கேக்குக்குப் பழத்தை வாரக்கணக்குல ஊற வைக்கணும்னு சொல்வாங்க. காரணம் எளிது. காய்ஞ்ச பழத்தை அப்படியே போட்டா அது மாவுல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், கேக் வறண்டுடும். ஒரு ராத்திரி ஆரஞ்சு ஜூஸ்ல ஊற வெச்சாலே அந்த வேலை நடந்துடும். வீட்டுல ஓவன் இல்லைன்னா, கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துட்ட குக்கர்ல, அடியில உப்பு பரப்பி, சின்னத் தீயில செய்யலாம். ஹாஸ்டல்காரங்க தெருமுனை பேக்கரிக்குப் போங்க. பேக்கரிக்கு நம்ம ஊர்ல பஞ்சமே இல்லை.

கேக்கை வெட்டும்போது ரெண்டு துண்டு அதிகமா வெட்டுங்க. ஒண்ணு கேட்ல இருக்கிற வாட்ச்மேன் அண்ணாவுக்கு, ஒண்ணு மெஸ் அக்காவுக்கு. லீவு இல்லாம வேலை பார்க்கிறவங்க அவங்கதான்.

கிறிஸ்மா-கிறிஸ்சைல்டு விளையாட ஒரு வாரம் வேணும்னு இல்லை. காலையில சீட்டு எடுங்க. ஐம்பது ரூபாய்க்கு மேல போகக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள உங்க கிறிஸ்சைல்டுக்குத் தெரியாம ஒரு நல்லது செய்யணும். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாக்கூடப் போதும். ராத்திரி எல்லாரும் வெளிப்படுத்துங்க.

25-ம் தேதியையும் விட்டுட்டீங்களா?

கவலை வேண்டாம். கிறிஸ்துமஸ் ஒரே நாள்ல முடியறது இல்லை. மூன்று ஞானிகள் குழந்தையைப் பார்க்க வந்ததை நினைக்கும் திருநாள் ஜனவரி 6. அதுவரைக்கும் பெரும்பாலான ஆலயங்களில் குடில் இருக்கும். 27, 28 தேதிகளில் போனா கூட்டமே இல்லாம நின்னு பார்க்கலாம். டிசம்பர் 31 இரவு புத்தாண்டு ஆராதனையும் இருக்கு. அதோட, கிறிஸ்டியன் நண்பர் வீட்டுல அச்சு முறுக்கும் அதிரசமும் அப்போவும் மிச்சம் இருக்கும். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பமா இருந்தா முந்திரிக்கொத்தும் கிடைக்கும். "உங்க வீட்டுக்கு வரலாமா?"னு கேட்கக் கூச்சப்படாதீங்க. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாம அவங்களைக் கூப்பிடுறோம்ல?

இந்த வருஷம் அவனும் நானும் ஃபைனல் இயர். அவன் ஊர்ல கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஊரே ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுமாம். அது இங்க அவனுக்குக் கிடைக்காது. 24 ராத்திரி டவுன்ஹாலுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போறோம், 25 மத்தியானம் எங்க வீட்டுல சாப்பாடு. அம்மாகிட்ட சொல்லியாச்சு. "மட்டன் எத்தனை கிலோ வாங்கட்டும்?"னு மட்டும்தான் கேட்டாங்க.

உங்க கிளாஸ்லயும் ஊருக்குப் போகாம ஒருத்தர் இருப்பாங்க. நாலு மணிக்கு குரூப்ல ஸ்மைலி போடறதுக்கு முன்னாடி, அவங்களுக்குத் தனியா ஒரு மெசேஜ் போடுங்க. மேப் லிங்க் வேண்டாம். "எத்தனை மணிக்கு வரட்டும்?"னு கேளுங்க, போதும்.