எதிர்த்திசை ரயிலில் ஒரு பல்கலைக்கழகம்

காலை எட்டு மணிக்கு வடகிழக்கு ரயில் பாதையைக் கவனித்துப் பாருங்கள். நகரை நோக்கி வரும் ரயிலில் கால் வைக்க இடமிருக்காது. பொங்கோலை நோக்கித் திரும்பிச் செல்லும் ரயிலிலோ உட்காரவே இடம் கிடைக்கும். வீடுகள் வடகிழக்கில், வேலைகள் நகரத்தில். காலையில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்ட ரயில் பாதி காலியாகத் திரும்புகிறது. காலியாக ஓடினாலும் அதற்கு மின்சாரம் வேண்டும்.

எஸ்ஐடி என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் பொங்கோல் வளாகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் காலி இருக்கைகள்தான். கூரையில் மின்னும் சூரியசக்தித் தகடுகளுக்கு இரண்டாவது இடம்தான்.

2009ல் தொடங்கி 2014ல் தன்னாட்சிப் பல்கலைக்கழகமான எஸ்ஐடி, டோவரிலும் ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலுமாகச் சிதறியிருந்தது. அதை ஒரே இடத்தில் சேர்க்கவேண்டும் என்றபோது தேர்வானது, ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகளும் கடலுணவுக் கடைகளும் இருந்த பொங்கோலின் வடகோடி. சுமார் 12,000 மாணவர்களுக்கான வளாகம். பக்கத்திலேயே ஜேடிசியின் வணிகப் பூங்கா. இரண்டும் சேர்ந்த பொங்கோல் மின்னிலக்க வட்டாரத்தில் 28,000 வேலைகள் உருவாகும் என்பது எதிர்பார்ப்பு. இவ்வளவு பேரும் காலையில் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போவார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ரயிலில், ஏற்கெனவே காலியாக இருக்கும் இருக்கைகளில். போக்குவரத்தில் இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம்.

நிலையம் மட்டும் சற்றுத் தாமதித்தது. 2024 செப்டம்பரில் மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். பொங்கோல் கோஸ்ட் நிலையம் திறந்தது டிசம்பர் 10ஆம் தேதி. இடையிலிருந்த மூன்று மாதமும் பேருந்துதான்.

வட்டாரத்துக்குள் காருக்குப் பெரிய மரியாதை இல்லை. பழைய பொங்கோல் சாலையின் ஒரு பகுதி நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்குமான மரபுடைமைப் பாதையாக ஒதுக்கப்பட்டது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமான சரக்குகளைக்கூட ஒரே இடத்தில் இறக்கிப் பிரித்து அனுப்பும் திட்டம். அத்தனை கட்டடத்துக்கும் தனித்தனியாக லாரி வரவேண்டியதில்லை.

எரிசக்திக்கு வருவோம். நம் ஊரில் கட்டடம் என்றாலே மின்சாரத்தின் ஆகப் பெரிய பங்கு குளிரூட்டலுக்குப் போய்விடுகிறது. தனியாக நிற்கும் ஒவ்வொரு கட்டடமும் ஆண்டிலேயே மிக வெக்கையான நாளை மனத்தில் வைத்துத் தனக்கென்று பெரிய இயந்திரத்தை வாங்கிவைக்கும். மற்ற நாள்களில் அது பாதித் திறனில் முனகிக்கொண்டிருக்கும். பொங்கோலில் வட்டாரத்துக்கே பொதுவான குளிரூட்டு நிலையம். அங்கிருந்து குளிர்ந்த நீர் குழாய்வழி கட்டடங்களுக்குப் போகிறது. வகுப்புகளின் உச்ச நேரமும் அலுவலகங்களின் உச்ச நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே மொத்தத்தில் சிறிய இயந்திரமே போதும். கூட்டுக் குடும்பத்தில் ஒரே பெரிய அடுப்பில் சமைப்பது மாதிரி. மரினா பேயில் பல ஆண்டுகளாக நடக்கும் ஏற்பாடுதான் இது.

சூரியசக்தியால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019ல் திறந்த எஸ்டிஇ4 கட்டடத்தின் கூரையில் 1,200க்கும் அதிகமான தகடுகள் இருக்கின்றன. அவை ஆண்டுக்குத் தரும் மின்சாரம் ஏறக்குறைய 500 மெகாவாட் மணி. நூறு நான்கறை வீவக வீடுகளுக்கு ஓராண்டுக்குப் போதுமானது. ஆறே மாடி என்பதாலும், குளிரூட்டியைச் சற்று அதிக வெப்பநிலையில் வைத்துக் கூரை மின்விசிறிகளை ஓட்டுவதாலும் அந்தக் கட்டடத்துக்கு அது கட்டுப்படியாகிறது. மாடிகள் கூடினாலும் கூரை ஒன்றுதான். உயரமான கட்டடங்கள் நிறைந்த ஒரு நகர வளாகம் தகடுகளை மட்டும் நம்பி ஓடாது.

அதனால்தான் எஸ்ஐடியும் எஸ்பி குழுமமும் சேர்ந்து வளாகத்துக்குள் ஒரு சிறு மின்கட்டமைப்பை அமைக்க முனைந்தன. தகடுகள் தரும் மின்சாரம், மின்கலச் சேமிப்பு, கட்டடங்களின் தேவை மூன்றையும் ஒரே இடத்திலிருந்து கண்காணித்து, மேகம் மறைத்தால் சமாளிக்கும் ஏற்பாடு. பொறியியல் மாணவர்களுக்கு அதுவே ஆய்வுக்கூடம். சிங்கப்பூரின் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இன்னமும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் வருகிறது. இந்தப் பயிற்சி பெற்றவர்களுக்கு வேலை இல்லாமல் போகாது.

இனி என் அக்கா வீட்டுக் கதை. அவர்கள் இருப்பது பூன் லேயில். மகன் படிப்பது பொங்கோலில். தீவின் மேற்குக் கோடியிலிருந்து வடகிழக்குக் கோடிக்கு, வாசலிலிருந்து வாசலுக்கு ஒன்றரை மணி நேரம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் 2040 பெருந்திட்டம் சொல்வது 45 நிமிட நகரம். குறுக்குத்தீவு ரயில் பாதை ஜூரோங் ஏரி வட்டாரத்தையும் அதன் கிளை பொங்கோலையும் எட்டுவது 2032ல். அதற்குள் பையன் பட்டம் வாங்கி வேலைக்கே போயிருப்பான்.

“பழைய கார் ஒன்று பார்க்கலாமா?” என்று அத்தான் கேட்டார். வாகன உரிமைச் சான்றிதழ் லட்சம் வெள்ளியைச் சுற்றி நிற்கும் காலத்தில் அந்தக் கேள்வியே அக்காவுக்குக் கோபம். மோட்டார்சைக்கிள் என்ற பேச்சை அவர் எடுக்கவே விடவில்லை. எனக்கு அத்தானின் பக்கமும் புரிந்தது. ஒரே வளாகம் என்ற முடிவால் மிச்சமாகும் எரிசக்திக்கு, மேற்கில் இருக்கும் குடும்பங்கள் தினமும் மூன்று மணி நேரத்தை விலையாகக் கொடுக்கின்றன. எந்தப் பசுமைக் கணக்கிலும் அந்த மூன்று மணி நேரம் ஏறுவதில்லை. வீட்டிலிருந்தே கற்கும் நாள்களை மேற்குக்காரர்களுக்குச் சற்றுக் கூட்டிக் கொடுத்தால் நியாயமாக இருக்கும்.

போன வாரம் பையனிடமே கேட்டேன், எப்படிச் சமாளிக்கிறாய் என்று.

“ஊட்ரம் பார்க் வரைக்கும் நிக்கணும் சித்தி. அங்க மாறினா உட்கார இடம் கிடைச்சிடும், தூங்கிடுவேன்.”

“நிலையத்தைத் தவறவிட்டுட்டா?”

“எப்படி விட முடியும்? அதுதானே கடைசி நிலையம்!”