குப்பையை வாங்கும் உழவருக்குக் கூலி: ஆஸ்திரியா காட்டும் கணக்கு

சில வருடங்களுக்கு முன்னால் பக்கத்து ஊர் குப்பைக் கிடங்கிலிருந்து ஒரு டிப்பர் மக்கு உரம் வாங்கி வயலில் அடித்தேன். விலை மலிவு. பார்க்கவும் கருப்பாகப் பொலபொலவென்று இருந்தது. முதல் மழை பெய்ததும் சாயம் வெளுத்துவிட்டது. மண் கழுவிப்போய் ஷாம்பு பாக்கெட்டும் கண்ணாடிச் சில்லும் மேலே வந்து நின்றன. களையெடுக்க வந்த அக்காவுக்குப் பாதம் கிழிந்து தையல் போடவேண்டி வந்தது. "எரு வாங்குனியா, பழைய சாமான் கடையை வாங்குனியா?" என்று பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் அந்த வயலில் பிளாஸ்டிக் பொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதன் பிறகுதான், நகரத்துக் குப்பையை நல்ல உரமாக்கும் ஊர் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்ததுதான் ஆஸ்திரியாவின் கதை.

ஐரோப்பாவில் இப்போது எங்கு பார்த்தாலும் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்ற பேச்சு. ஐரோப்பிய ஒன்றியம் இதற்காக 2015-இல் ஒரு செயல்திட்டமும் 2020-இல் இன்னொன்றும் போட்டது. எடுத்தோம், செய்தோம், எறிந்தோம் என்று இல்லாமல், ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் புழக்கத்தில் வைப்பதுதான் இதன் சாரம். நமக்கு இது புதிதா என்ன? வைக்கோல் மாட்டுக்கு, சாணம் எருக்குழிக்கு, எரு வயலுக்கு. ஆனால் விளைச்சலை நகரத்துக்கு ஏற்றி அனுப்பியபோது இந்த வட்டம் அறுந்தது. வயலின் சத்து லாரி ஏறிப் போகிறது, திரும்பி வருவதில்லை. ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்கே நகரக் குப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உணவுக் கழிவும் தோட்டக் கழிவும்தான். அதைக் குழியில் கொட்டினால் மீத்தேன். வயலில் சேர்த்தால் மண்ணுக்கு உயிர்.

ஆஸ்திரியா இந்த வட்டத்தை ஒட்டவைக்கச் சீக்கிரமே இறங்கியது. மக்கும் குப்பையைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்று 1992-இல் ஆணை போட்டார்கள். 1995 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சேகரித்த குப்பையை என்ன செய்வது? பெரிய ஆலைகள் மட்டும் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. மேல் ஆஸ்திரியா, ஸ்டைரியா போன்ற மாநிலங்களில் உழவர்களிடமே அந்த வேலையைக் கொடுத்தார்கள். பண்ணையில் ஒரு ஓரமாகக் கசிவுநீர் மண்ணில் இறங்காதபடி கெட்டித்தளம் போட்டு, பக்கத்து ஊர்களின் கழிவை வாங்கி, உழவரே மக்க வைக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது பணக் கணக்கு. நான் உரத்துக்குக் காசு கொடுத்தேன். அங்கே நகராட்சி உழவருக்குக் காசு கொடுக்கிறது. குப்பையைப் பக்குவம் செய்வது ஒரு சேவை, அதற்கு டன் கணக்கில் கூலி உண்டு. கடைசியில் கிடைக்கும் உரம் பெரும்பாலும் அவர் வயலுக்கே போகும், மிஞ்சினால் விற்பனை. குப்பை வண்டி வெகுதூரம் ஓடவேண்டியதும் இல்லை.

செய்முறையில் மந்திரம் எதுவும் கிடையாது. ஈரமான சமையலறைக் கழிவோடு மரக்கிளைச் சிதைவைக் கலந்து நீளக் குவியலாகப் போடுகிறார்கள். கரிமமும் தழைச்சத்தும் 25 முதல் 30-க்கு 1 என்ற அளவில் இருக்கவேண்டும். ஈரம் 50-60 சதவீதம். கையில் பிழிந்தால் நீர் சொட்டாமல் உருண்டை பிடிக்கும் பதம். உள்ளே சூடு 55 டிகிரிக்கு மேல் ஏறிப் பல நாள் நின்றால்தான் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும். அடிக்கடி புரட்டிக் காற்று கொடுக்கிறார்கள். பிறகு ஆறவிட்டு, முதிரவைத்து, சலிக்கிறார்கள்.

சூட்சுமம் குவியலில் இல்லை, வீட்டு வாசலில் இருக்கிறது. கலந்து வந்த குப்பையை எந்தச் சல்லடையாலும் சுத்தமாக்க முடியாது. உடைந்த கண்ணாடியும் மின்கலத்திலிருந்து கசிந்த உலோகமும் உரத்தோடு உரமாகிவிடும். அதனால்தான் 2001-இல் ஆஸ்திரியா தனியாக ஒரு உர ஆணை கொண்டுவந்தது. எந்தெந்தப் பொருளை மக்க வைக்கலாம் என்று பட்டியல் உண்டு. வந்து இறங்கும் கழிவைச் சோதிப்பது ஆலை நடத்துபவரின் கடமை. முடிந்த உரத்துக்கு ஏ பிளஸ், ஏ, பி என மூன்று தரம். இயற்கை வேளாண்மைக்கு ஏற்ற கன உலோக வரம்பு ஏ பிளஸ் தரத்துக்குத்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண்மை விதியும் இதையே சொல்கிறது. வீட்டிலேயே பிரித்த கழிவிலிருந்து வந்த உரம் மட்டும்தான் செல்லும். ஒரு கிலோ உலர்ந்த உரத்தில் காட்மியம் 0.7 மில்லிகிராம், ஈயம் 45, பாதரசம் 0.4 தாண்டக்கூடாது. மக்கும் குப்பையைப் பிரிப்பதை 2023 முடிவுக்குள் எல்லா உறுப்பு நாடுகளும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பல நாடுகள் இன்னும் பின்தங்கியே இருக்கின்றன. 2027 முதல், கலப்புக் குப்பையிலிருந்து செய்த உரத்தை மறுசுழற்சிக் கணக்கில் காட்டவும் முடியாது.

இதனால் ஐரோப்பாவில் வட்டம் முழுமையாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அங்குள்ள மாடும் பன்றியும் கோழியும் தின்னும் தீவனத்தில் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் சோயாவும் சேர்ந்திருக்கிறது. பிரேசில் மண்ணின் சத்து நெதர்லாந்தில் சாணமாகக் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. ஹெக்டேருக்கு வருடம் 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் சாண உரமாகப் போடக்கூடாது என்று வரம்பு வைக்கவேண்டிய நிலை. ஓரிடத்தில் மண் வறள, இன்னோரிடத்தில் சத்து வழிகிறது. அதை எப்படி வட்டம் என்பது?

சரி, நமக்கு இதில் என்ன? குப்பை உரம் வாங்கும் முன் நான் இப்போது மூன்று காரியம் செய்கிறேன். கிடங்குக்கு நேரில் போய், பிரித்த குப்பையா கலந்த குப்பையா என்று பார்க்கிறேன். கன உலோகப் பரிசோதனை அறிக்கையைக் கேட்கிறேன். ஒரு படி உரத்தை வாளித் தண்ணீரில் கலக்கிப் பார்க்கிறேன். பிளாஸ்டிக் மிதக்கும், கண்ணாடி அடியில் தங்கும். அங்கக சான்று வைத்திருப்பவர்கள், எதற்கும் முதலில் சான்று தரும் நிறுவனத்தைக் கேட்டுவிடுங்கள்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. நகரத்தின் கழிவை மண்ணாக்கத் தெரிந்தவர் உழவர். அந்த உழைப்புக்குக் கூலி உண்டு என்றும், சுத்தமாகப் பிரித்துத் தந்தால்தான் வாங்குவோம் என்றும் நாம் சேர்ந்து சொல்லவேண்டும். தனி ஆளாக நான் சொன்னால், "வேண்டாட்டி போப்பா" என்று அடுத்த டிப்பரை வேறொருவர் வயலில் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.