பிடித்த ஒரு சதவீதம் யாருடைய பணம்?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் கீழ்பென்னாத்தூரைத் தாண்டும்போது, முதுகுப் பக்கம் பெரிய பையைக் கட்டிக்கொண்டு எதிரே வரும் பைக்குகளைப் பார்க்கலாம். காலையில் பார்சலை எடுத்துக்கொண்டு வேட்டவலம் பக்கமோ அவலூர்பேட்டை பக்கமோ ஊர் ஊராகப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறவர்கள். திருவண்ணாமலை நகருக்குள் சாப்பாடு டெலிவரி எடுப்பவர்களும் உண்டு. பௌர்ணமி இரவில் கிரிவலக் கூட்டத்துக்காகப் பாதையை அடைத்துவிட்டால் சந்து சந்தாகச் சுற்றித்தான் போக வேண்டும். அந்தக் கூடுதல் பெட்ரோல் இவர்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகிறது.

வருமான வரி என்பது பெரிய சம்பளக்காரர்கள் விஷயம், நமக்கு அதில் வேலையில்லை என்று இவர்களில் பலர் நினைக்கிறார்கள். கட்ட வேண்டிய வரியைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரிதான். ஆனால் வரி கட்டத் தேவையில்லாத இவர்களிடமிருந்து வரி ஏற்கெனவே பிடிக்கப்படுகிறது. அந்தப் பணம் திரும்பி வரவேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

டெலிவரி நிறுவனங்கள் இவர்களைத் தங்கள் ஊழியர் என்று ஏற்பதில்லை. அதனால் பி.எஃப். கிடையாது, சம்பள ஸ்லிப் கிடையாது. வரிச் சட்டத்தின் பார்வையில் இவர் தனியாகத் தொழில் செய்யும் ஒப்பந்தக்காரர். ஒப்பந்த வேலைக்காக ஒருவருக்கு ஆண்டில் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்தால், 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194-சி பிரிவுப்படி 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். மாதம் 20,000 ரூபாய் வாங்குகிறவருக்கு ஆண்டில் 2,40,000 ரூபாய். அதில் 2,400 ரூபாய் டி.டி.எஸ். எனும் இந்தப் பிடித்தமாகப் போகிறது. வாராவாரம் கணக்கில் விழும் தொகையில் ஐம்பது ரூபாய் அளவுக்குக் குறைவதால் கண்ணில் படாது. பான் எண்ணைக் கொடுக்காமல் விட்டாலோ, ஆதாரோடு இணைக்காமல் அது முடங்கிப் போயிருந்தாலோ பிடித்தம் 20 சதவீதம். அதே மனிதருக்கு அது 48,000 ரூபாய். இணைப்புக்கான தாமதக் கட்டணம் 1,000 ரூபாய். அதைக் கட்டத் தயங்கி இவ்வளவு பெரிய தொகையை முடக்கிக்கொள்ள வேண்டாம்.

இனி, உண்மையில் வரி எவ்வளவு? 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்குப் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. 12 லட்சம் வரை வந்தாலும் 87-ஏ தள்ளுபடியால் வரி பூஜ்யம். இங்கே வருமானம் என்பது நிறுவனம் போட்ட மொத்தப் பணம் அல்ல. பெட்ரோல், ஆயில், டயர், சர்வீஸ், மொபைல் ரீசார்ஜ் எல்லாம் போக மிஞ்சுவது. தினமும் பங்க் ரசீதைச் சேர்த்து வைக்க முடியாதவர்களுக்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. 44-ஏடி பிரிவில், வங்கி வழியாக வந்த தொகையில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் கேட்க மாட்டார்கள். ஆனால் 6 என்பது குறைந்தபட்சம். அதைவிடக் கூடுதலாக மிஞ்சியிருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். 2,40,000 ரூபாயில் பாதி மிஞ்சியது என்று உள்ளபடி காட்டினாலும் வரி இல்லை; பிடித்த 2,400 ரூபாயும் திரும்ப வரும். லாபத்தைக் குறைத்துக் காட்டுவதில் இவருக்கு ஒரு லாபமும் இல்லை. பைக் லோனோ வீட்டு லோனோ கேட்டு வங்கிக்குப் போகும்போது நஷ்டம்தான். சம்பள ஸ்லிப் இல்லாதவரிடம் வங்கி கேட்கும் முதல் காகிதம் வருமான வரி ரிட்டர்ன் நகல்.

அதனால் எந்தப் படிவம் என்பது முக்கியம். ஆன்லைன் சென்டரில் அவசரத்தில் சம்பளக்காரர்களுக்கான ஐ.டி.ஆர்-1-ஐ நிரப்பிவிடும் ஆபத்து இருக்கிறது. தொழில் வருமானம் உள்ளவருக்கு அது செல்லாது. 44-ஏடி வழியில் போகிறவருக்கு ஐ.டி.ஆர்-4. நிரப்பும் முன் வருமான வரித் தளத்தில் 26-ஏஎஸ் அறிக்கையை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள், எந்தப் பிரிவில் எவ்வளவு பிடித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆதார் ஓ.டி.பி. போட்டு 30 நாளுக்குள் உறுதி செய்தால்தான் தாக்கல் செய்ததாகவே கணக்கு. பணம் பான் எண்ணோடு சரிபார்த்த வங்கிக் கணக்குக்கு வரும்.

தேதி தவறிவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம். 2025-இல் கொண்டுவந்த புதிய வருமான வரி மசோதாவின் முதல் வரைவில், தாமதமாகத் தாக்கல் செய்தால் ரீஃபண்ட் கிடைக்காது என்ற நிலை இருந்தது. பைஜயந்த் பாண்டா தலைமையிலான நாடாளுமன்றத் தேர்வுக் குழு அதை நீக்கச் சொன்னது, நீக்கினார்கள். 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் கொண்ட அந்தச் சட்டத்தில் இவர்களுக்கு உதவும் திருத்தம் இது. எனவே கடைசித் தேதி போனாலும் டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம்.

எனக்கு அதிகம் கவலை தருவது இரண்டு பழக்கங்கள். ஒன்று, கேஷ் ஆன் டெலிவரி பணத்தைச் சொந்த சேமிப்புக் கணக்கில் போட்டு அங்கிருந்து நிறுவனத்துக்கு அனுப்புவது. அந்தப் பணம் இவருடையதே அல்ல. ஆனால் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் ரொக்கம் சேர்ந்தால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். மாதம் இருபதாயிரம் சம்பாதிப்பவர் பத்து லட்சத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். இந்தப் பணத்துக்கென்றே தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொண்டு, நிறுவனத்துக்குக் கட்டிய ரசீதுகளைப் போனில் சேமித்து வைத்தால் விளக்கம் சொல்வது எளிது. இன்னொன்று, வேறொருவர் ஐ.டி.யில் வண்டி ஓட்டுவது. உழைப்பு இவருடையது, வருமானமும் பிடித்தமும் அடுத்தவர் பான் எண்ணில் ஏறுகின்றன. ரீஃபண்டை இவர் கேட்கவே முடியாது. விபத்து நடந்தால் காப்பீட்டிலும் இவர் பெயர் இருக்காது.

குட்டி யானை வைத்து லோடு அடிப்பவருக்கு வழி வேறு. சொந்தமாகப் பத்துக்குள் சரக்கு வண்டி வைத்திருப்பவர் 44-ஏஇ பிரிவில், இந்த அளவு வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய் லாபம் என்று காட்டலாம். பான் எண்ணோடு ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் அவருக்கு டி.டி.எஸ். பிடிக்கவே கூடாது. பைக்கில் போகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. வண்டி வைத்திருப்பவரைவிட அவர்தான் எளியவர். ஆண்டுக்கு சில லட்சம் மட்டுமே வாங்கும் பைக் டெலிவரிக்காரருக்கும் இதேபோல் உறுதிமொழி வழியைத் திறந்துவிடுவதுதான் நியாயம்.

இவர்களைத் தொழிலாளர் என்று அரசு பார்க்கத் தொடங்கியே சில ஆண்டுகள்தான் ஆகின்றன. தமிழ்நாட்டில் இணையம் சார்ந்த தற்சார்புத் தொழிலாளர்களுக்கு 2023-இல் நலவாரியம் அமைந்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்தது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை இவர்களுக்கான நிதிக்குத் தரவேண்டும் என்கிறது அது. நலவாரியம் பதிவு முகாம் நடத்தும் இடங்களில் ஓர் ஆடிட்டரையும் உட்காரவைத்து ஐ.டி.ஆர்-4 போட்டுக் கொடுக்கலாம். கீழ்பென்னாத்தூர் தாலுகா அலுவலகத்திலேயே தொடங்கலாம். எந்த வீட்டுக்கு எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் செயலி, இந்த ஆண்டு உங்களிடம் இவ்வளவு பிடித்தோம், இந்த பான் எண்ணில் கட்டினோம், இப்படிக் கேட்டு வாங்குங்கள் என்று தமிழில் ஒரு பக்கம் காட்டட்டும். ஏப்ரல் மாதத்திலேயே காட்டட்டும்.