கரு தங்கும் காலம்

"தறி மிதிச்சதாலதான் இப்படி ஆச்சா?"

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிற ஐயம்பேட்டை போன்ற நெசவு ஊரில், நாள் தள்ளிப்போன இரண்டாம் மாதத்தில் துணியில் ரத்தம் பார்க்கும் பெண்ணுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. குழித்தறியில் உட்காருபவர் இரண்டு காலையும் குழிக்குள் இறக்கி, மிதியை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பட்டுச் சேலை முடிய நாள்கணக்கில் இந்த மிதிப்பு. தறியில் உட்காராத பெண்ணும் சும்மா இருப்பதில்லை. தார் சுற்றுவாள், பாவுக்கு நிற்பாள், குடத்தில் தண்ணீர் எடுப்பாள். அதனால் சந்தேகம் முதலில் காலின்மேலும் இடுப்பின்மேலும் விழுகிறது. பிறகு பப்பாளி, அன்னாசி, பைக்கில் கோயிலுக்குப் போனது, இரவு அழுதது என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். வீட்டிலும் கேட்பார்கள். "என்ன பண்ணே?" என்று அக்கறையோடு கேட்டாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது.

நமக்குத் தெரிந்த அறிவியலைக் கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியும். அந்தப் பதில் அந்தப் பெண்ணின் பக்கம் நிற்கிறது.

முதலில் ஓர் எண்ணிக்கை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் படுகிறது. திட்டுத் திட்டாகப் படுவதும், பழுப்பு நிறத்தில் கசிவதும், மாதவிலக்கு போலவே போவதும் இதில் அடங்கும். இவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் கர்ப்பம் தொடர்ந்து குழந்தையாகிறது. லேசாகப் பட்டு, வலியும் இல்லாமல் இருந்தால் நிலைமை இன்னும் நல்லது. ரத்தம் கண்டவுடனே "கலைஞ்சிடுச்சு" என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் தவறாகப் போகிற முடிவு.

அப்படியானால் இந்த ரத்தம் எங்கிருந்து வருகிறது? பல பெண்கள் குழந்தையே கரைந்து வருவதாக நினைத்து நடுங்குகிறார்கள். வெளியே வருவது அநேகமாக எப்போதுமே தாயின் ரத்தம். அது ஏன் என்று பார்த்தால் மனித உடலின் மிக விசித்திரமான ஏற்பாடு ஒன்று தெரியவரும்.

பசுவுக்கும் பூனைக்கும் மாதவிலக்கு இல்லை. பாலூட்டிகளில் மனிதரையும் குரங்கினங்கள் பலவற்றையும் சில வௌவால்களையும் இன்னும் ஓரிரு சிற்றுயிர்களையும் தவிர மற்றவற்றில், கரு வந்து சேதி சொன்ன பிறகுதான் கருப்பையின் உட்சுவர் தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது. மனிதப் பெண்ணின் உடல் கரு வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் முன்கூட்டியே தயாராகிறது. வராதபோது அந்தச் சுவரை உதிர்த்துவிடுகிறது. காரணம், மனிதக் கரு மேலோட்டமாக ஒட்டுவதில்லை. கருமுட்டை வெளிவந்து எட்டு முதல் பத்து நாளுக்குள் அது சுவரைத் துளைத்து உள்ளே புதைகிறது. அவ்வளவு ஆழமாக வருகிற ஒன்றை எதிர்கொள்ள சுவர் முன்னதாகவே மாறியிருக்க வேண்டும்.

புதைந்தவுடன் தாயின் ரத்தம் கருவுக்குப் பாயத் தொடங்கிவிடும் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் கிரகாம் பர்ட்டன், எரிக் ஜோனியா ஆகியோரின் ஆய்வுகள் வேறு கதையைச் சொல்கின்றன. கருவின் வெளிப்புறச் செல்கள் தாயின் சுருள் ரத்தக்குழாய்களின் வாய்க்குள் போய் அடைப்பான்களாக உட்கார்ந்துகொள்கின்றன. முதல் பத்து வாரம்வரை நஞ்சுக்கொடிக்குள் தாயின் ரத்தம் பெரிய அளவில் வருவதில்லை. உறுப்புகள் உருவாகிற அந்த வாரங்களில் மிகுந்த பிராணவாயு கருவுக்குக் கெடுதி. அப்போது கருவை வளர்ப்பது கருப்பைச் சுவரின் சுரப்பிகள் ஊறவைக்கும் சத்துநீர்; விஞ்ஞானிகள் அதைக் கருப்பைப் பால் என்றே அழைத்திருக்கிறார்கள். பிறந்த பிறகு மட்டுமல்ல, பயறளவு இருக்கும்போதே பிள்ளை தாயிடம் ஒருவகைப் பால் குடிக்கிறது.

பத்தாவது வாரத்தை ஒட்டி அடைப்பான்கள் தளர்கின்றன. எட்டு வாரத்தில் நஞ்சுக்கொடிக்குள் 20 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் கீழே இருந்த பிராணவாயு அழுத்தம், பன்னிரண்டு வாரத்தில் 50-க்கு மேல் ஏறுகிறது. இந்தத் திறப்பு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. ஓரங்களில்தான் முதலில் தொடங்குகிறது. உடலும் கரையும் வேறு வேறு நிறமான கோர்வைச் சேலையில் மூன்று நாடா ஓட்டி இரண்டையும் கோக்கிற இடம்தான் கைத்திறனைக் கேட்கும் என்பது ஐயம்பேட்டைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு உயிர்கள் சேருகிற ஓரமும் அப்படித்தான். அங்கே கொஞ்சம் ரத்தம் கசிந்து தேங்கலாம். தேங்கியது வழிந்து வெளியே வரலாம். ஸ்கேனில் "பக்கத்துல ரத்தக்கட்டு இருக்கு" என்று சொல்வது பல நேரம் இதைத்தான். சிறியதாக இருந்தால் பெரும்பாலும் தானே கரைந்துபோகும். கருப்பை வாயின் மென்மையான தோல் உரசிக் கசிவதும் உண்டு; அதற்கும் கருவுக்கும் சம்பந்தமில்லை.

இனி, தங்காமல் போகிற கருவைப் பற்றிப் பேச வேண்டும்.

உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபதுவரை கலைகின்றன. அவற்றில் மிகப் பெரும்பான்மை முதல் பன்னிரண்டு வாரத்துக்குள். 1988-ல் அமெரிக்காவின் ஆலன் வில்காக்ஸ் குழு, குழந்தைக்காகக் காத்திருந்த 221 பெண்களின் சிறுநீரை அன்றாடம் சேகரித்துச் சோதித்தது. கருப்பையில் புதைந்த கருக்களில் 31 சதவீதம் கலைந்திருந்தன. அவற்றில் பெரும்பகுதி, கர்ப்பம் என்று யாரும் கண்டறியும் முன்பே. சில நாள் தள்ளி வந்த மாதவிலக்கு என்று அந்தப் பெண்கள் நினைத்தது உண்மையில் ஒரு கரு வந்து போன தடம்.

ஏன் கலைகிறது? முதல் மூன்று மாத இழப்புகளில் பாதியோ அதற்கு மேலோ கருவின் குரோமோசோம் எண்ணிக்கை பிழையால் நேர்பவை. 46 இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கும். அந்தப் பிழை பெரும்பாலும் முட்டையிலேயே நேர்கிறது. ஒரு பெண்ணின் முட்டைகள் அத்தனையும் அவள் தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே உருவானவை. அப்போதே குரோமோசோம்களைப் பிரிக்கும் வேலையைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டு, இருபது முப்பது ஆண்டு அப்படியே காத்திருக்கின்றன. முட்டை வெளிவரும் மாதத்தில்தான் அந்த வேலை மறுபடி தொடர்கிறது. இத்தனை ஆண்டும் குரோமோசோம்களை இணைத்துப் பிடித்திருந்த புரதப் பிடிகள் அதற்குள் தளர்ந்திருக்கலாம். ஒன்று பிரியாமல் சேர்ந்தே போய்விடும். வயது ஏற ஏற இது கூடுகிறது. நார்வேயில் 2019-ல் வெளியான பெரிய ஆய்வில், 25 முதல் 29 வயதுவரை நூற்றுக்குப் பத்தாக இருந்த கருக்கலைவு 45 வயதுக்குமேல் நூற்றுக்கு ஐம்பத்து மூன்றாக இருந்தது.

இத்தகைய கருவின் முடிவு, அந்தப் பெண் கர்ப்பமானது தெரியும் முன்பே, தறிக்குழியில் அடுத்த முறை கால் வைக்கும் முன்பே தீர்ந்துபோன ஒன்று. கருப்பையும் இதை உணர்கிறது. யான் ப்ரோசன்ஸ், நிக் மாக்லன் முதலியோர் 2010-ல் ஆய்வகத்தில் வளர்த்த கருப்பைச் சுவர் செல்களின்மேல் கருக்களை வைத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி நின்றுபோகிற கரு வந்தபோது, கருவை ஏற்கத் தேவையான பொருள்களைச் சுரப்பதை அந்தச் செல்கள் குறைத்துக்கொண்டன. கருவைத் தாங்குவது போலவே தேர்வதும் அந்தச் சுவரின் பணி.

தறி மிதிப்புக்கு வருவோம். பன்னிரண்டு வாரம்வரை கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. நடப்பதும் மிதமான உடற்பயிற்சியும் கருக்கலைவைக் கூட்டுவதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அன்றாடம் மிகப் பாரம் தூக்குவதும் இரவு முழுக்க வேலை செய்வதும் அபாயத்தைச் சற்றே கூட்டக்கூடும் என்று சில ஆய்வுகள் காட்டுவதால் அவற்றைக் குறைத்துக்கொள்வது நல்லது. பப்பாளியைப் பற்றியும் ஒரு சொல்: காய்ப் பப்பாளியின் பால் எலிகளின் கருப்பையைச் சுருங்கவைத்தது, பழுத்த பழத்தின் சாறு அப்படிச் செய்யவில்லை. காயைத் தவிர்க்கலாம். ஒரு துண்டு பழம் தின்றதற்காக யாரும் இரவெல்லாம் அழ வேண்டியதில்லை.

ரத்தம் பட்டால் "அசையாம படு" என்பதுதான் நம் ஊர் வைத்தியம். படுக்கை ஓய்வு கருக்கலைவைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அசதியாக இருந்தால் படுத்துக்கொள்ளட்டும், அது அவளுக்கு இதம். ஆனால் வாரக்கணக்கில் அசையாமல் கிடப்பது காலில் ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டுகிறது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டில் வருமானத்தையும் நிறுத்துகிறது. எழுந்து நடந்ததால் கலைந்தது என்ற பழியும் பிறகு அவள்மேலேயே விழும்.

புரொஜெஸ்டிரோன் மருந்துக்கு ஓர் இடம் உண்டு. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் அரி குமாரசாமி தலைமையில், கருப்பைக்குள் கருவின் பை தெரிந்து ரத்தமும் பட்ட 4,153 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2019-ல் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 75 சதவீதத்தினரும் வெற்று மருந்து எடுத்தவர்களில் 72 சதவீதத்தினரும் குழந்தை பெற்றார்கள். இது உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. ஆனால் முன்பே மூன்றோ அதற்கு மேலோ கருக்கலைவு கண்டவர்களிடம் அது 72-க்கு 57 என்று விரிந்தது. முன்பு இழந்து, இப்போது ரத்தமும் படுகிறவர்கள் டாக்டரிடம் இதைக் கேட்க வேண்டும். எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது அந்த 72 என்ற எண். ரத்தம் பட்டு, மருந்தே இல்லாத நிலையிலும் நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர் பிள்ளையைக் கையில் வாங்கியிருக்கிறார்கள்.

கிளாஸ்கோவின் இயன் டொனால்ட் 1958-ல் வயிற்றை ஒலி அலையால் பார்க்கும் வழியை வெளியிட்ட பிறகு, இந்தக் காத்திருப்பில் ஒரு சாளரம் திறந்தது. அந்தச் சாளரத்தையும் அவசரப்பட்டுப் பார்க்கக் கூடாது. வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து போடப்படுகிறது. ஆறு வாரம் என்றால் கரு உருவாகி நான்கு வாரம்தான். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறவருக்கு அது இன்னும் குறைவாகவே இருக்கும். "துடிப்பு வரலை" என்று சொன்னாலும், கரு 7 மில்லிமீட்டர் நீளத்தை எட்டாமல் இருந்தால், அல்லது கருவே தெரியாத பையின் சராசரி அளவு 25 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து மறுபடி ஸ்கேன் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும் என்பது இன்றைய நெறி. அதற்கு முன் யாராவது "டி அண்ட் சி பண்ணிடலாம்" என்று கருப்பையைச் சுத்தம் செய்யச் சொன்னால் இன்னொரு டாக்டரிடம் கேட்பது அவளுடைய உரிமை.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. மணிக்கு இரண்டு நாப்கின் நனைகிற அளவு ரத்தம், அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடுமையான வலி, தோள்பட்டை நுனியில் வலி, கண் இருட்டி மயக்கம், காய்ச்சலோடு துர்நாற்றம் இருந்தால் 108-ஐக் கூப்பிட்டு காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நூறில் ஒன்றிரண்டு கர்ப்பங்கள் கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் வளர்கின்றன. குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. திராட்சைக் கொத்து போல நீர்க்குமிழிகள் வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பமும் ரத்தமாகவே தலைகாட்டும். அரிதானாலும் சிகிச்சைக்குப் பிறகும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியது அது. ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அடுத்த பிள்ளையைக் காக்கும் ஊசி தேவைப்படலாம்.

மூன்று மாதம் முடியும்வரை யாருக்கும் சொல்லாதே என்பது நம் வழக்கம். நிற்குமோ நிற்காதோ என்ற பயத்திலிருந்து பிறந்த வழக்கம் அது. அதற்கு இரண்டு விலை கொடுக்கிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கு பன்னிரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும்; அந்தப் பதிவுக்கான பிக்மி நம்பர் வாங்காமல் ஒளித்து வைத்திருந்தால் கிராம சுகாதார செவிலியரின் கண் படவேண்டிய வாரங்கள் வீணாகின்றன. கர்ப்பத்தையே சொல்லாதவள் இழப்பை யாரிடம் போய்ச் சொல்வாள் என்பது இரண்டாவது. ஆரம்பகாலக் கர்ப்பத்தை இழந்த பெண்களிடம் பிரிட்டனில் எடுத்து 2020-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு மாதம் கழித்து 29 சதவீதத்தினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் இருந்தது. ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதத்தினருக்கு அது தீரவில்லை. 1961-ன் மகப்பேறு நலச் சட்டம் கருக்கலைவுக்கு ஆறு வாரச் சம்பள விடுப்பு தந்தது. வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்யும் பெண்ணுக்கு அந்த ஆறு வாரம் எட்டவில்லை. இது எனக்குப் பொறுக்க முடியாத அநீதியாகப் படுகிறது.

பாபநாசம் பக்கத்தில், இன்னொரு ஐயம்பேட்டைக்கு அருகே, திருக்கருகாவூர் இருக்கிறது. கரு தங்க வேண்டி, அங்குள்ள கர்ப்பரட்சாம்பிகை கோயில் நெய்க்காகத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் போகிறார்கள். ஒரு முனிவரின் சாபத்தால் வேதிகை என்ற பெண்ணின் கரு கலைந்தபோது, அம்பாள் அதைக் குடத்தில் வைத்துக் காத்துப் பிள்ளையாக்கித் தந்தாள் என்பது தலபுராணம். நீ என்ன செய்தாய் என்று வேதிகையிடம் அவள் கேட்கவில்லை. அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

இழப்புக்குப் பிறகு, அடுத்த கர்ப்பம் எப்போது என்ற கேள்வியும் வரும். ஆறு மாதம் பொறுக்கச் சொன்னது உலக சுகாதார நிறுவனத்தின் 2005-ஆம் ஆண்டு ஆலோசனை. பிறகு வந்த ஆய்வுகளில் அதற்கு முன்னரே கருத்தரித்தவர்களுக்கு அதனால் கெடுதி காணப்படவில்லை. இழப்புக்குப் பின் இரண்டு வாரத்திலேயே முட்டை வெளிவரக்கூடும். அதனால் உடனே வேண்டாம் என்பவர்கள் முதல் மாதத்திலிருந்தே கருத்தடையைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேண்டும் என்பவர்கள் ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்கலாம். இரண்டு மூன்று முறை தொடர்ந்து இழந்தவர்கள் தைராய்டு, ரத்த உறைவுக் கோளாறு, கருப்பையின் அமைப்பு ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அப்படி இழந்தவர்களிலும் பெரும்பாலானோர் பின்னர் பிள்ளை பெற்றிருக்கிறார்கள்.