பாரிஸ் பதக்கம்... மட்டாஞ்சேரி சுவர்... அம்ரிதா ஷெர்-கில் தேடிய நிறம்!

2023 செப்டம்பரில் ஓர் ஓவியம் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. இந்திய ஓவியம் ஒன்றுக்கு ஏலத்தில் அதுவரை கிடைத்திராத விலை. ‘தி ஸ்டோரி டெல்லர்’ என்ற அந்தப் படத்தை 1937-ல் வரைந்தபோது அம்ரிதா ஷெர்-கில்லுக்கு வயது 24. அதற்குச் சற்று முன்புதான் ஹைதராபாத்தின் பெரும் செல்வந்தர் சாலார் ஜங்கிடம் தன் படங்களைக் காட்டி, விற்க முடியாமல் கிளம்பியிருந்தார்.

கிளம்பியவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. தெற்கே வந்தார். அவர் வாழ்க்கையின் முக்கியமான திருப்பம் அங்கேதான் நடந்தது.

அம்ரிதா பிறந்தது 1913 ஜனவரி 30 அன்று, ஹங்கேரியின் புடாபெஸ்டில். அப்பா உம்ராவ் சிங், பஞ்சாபின் மஜீதியா குடும்பத்துச் சீக்கியர். சமஸ்கிருதம், பாரசீகம் இரண்டிலும் புலமை உண்டு. கேமரா என்றால் உயிர். அம்மா மரி அன்டோனெட், ஹங்கேரிய ஓபரா பாடகி. முதல் உலகப் போரால் குடும்பம் ஹங்கேரியிலேயே தங்கிவிட, 1921-ல்தான் இந்தியா வந்து சிம்லாவில் குடியேறினார்கள். எட்டு வயதில்தான் அம்ரிதா அப்பாவின் நாட்டைப் பார்த்தார்.

மகளின் திறமையைப் பார்த்து ஊக்கம் கொடுத்தவர் தாய்மாமா எர்வின் பக்தாய். இந்தியவியல் அறிஞரான அவர், கண்முன் இருக்கும் மனிதர்களை உட்காரவைத்து வரையச் சொன்னார். 1929-ல் மகள்களின் படிப்புக்காகக் குடும்பமே பாரிஸுக்குப் போனது. தங்கை இந்திராவுக்குப் பியானோ, அம்ரிதாவுக்கு ஓவியம். செசான், கோகன் ஓவியங்களில் ஊறிப்போனார். ‘யங் கேர்ள்ஸ்’ என்ற ஓவியம் பாரிஸில் தங்கப் பதக்கம் வாங்கித் தந்தது. அதில் எதிரெதிரே இரண்டு இளம்பெண்கள். ஒருவர் இந்திரா, இன்னொருவர் பிரெஞ்சுத் தோழி. அம்ரிதாவின் இரண்டு பாதிகள்தான் அவர்கள் என்று சொல்பவர்கள் உண்டு.

பாரிஸிலேயே இருந்திருக்கலாம். பெயர், பதக்கம், நண்பர்கள் எல்லாம் இருந்தார்கள். ஆனால், அங்குள்ள கீமே அருங்காட்சியகத்தின் ஒரு சின்னச் சிற்பமோ, அஜந்தாவின் ஒரு சுவரோவியமோ ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கலை முழுவதையும்விட மேலானது என்று 1934-ல் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அப்போது அவர் அஜந்தாவை நேரில் பார்த்திருக்கவே இல்லை! இந்தியக் கலையின் அருமையை அவருக்குக் காட்டியது பாரிஸ்தான்.

அந்த ஆண்டின் இறுதியில் இந்தியா திரும்பினார். புடவைக்கு மாறினார். 1935-ல் சிம்லா கண்காட்சி ஒன்று அவர் படங்களில் சிலவற்றை நிராகரித்துவிட்டு, ஒன்றுக்கு மட்டும் பரிசு கொடுத்தது. பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டார். திமிர் என்றார்கள். கொஞ்சம் திமிர்தான். 22 வயதுப் பெண்ணுக்கு அது இல்லாமல் வேறெது துணை?

ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. சிம்லாவில் அவர் வரைந்த ஏழைப் பெண்கள் எல்லோருமே தலைகுனிந்து, சோகமாக, ஒரே மாதிரி இருந்தார்கள். பிரபு வீட்டுப் பெண் தூரத்தில் நின்று பார்த்த ஏழ்மை அது. கோகன் பசிபிக் தீவுப் பெண்களை வரைந்த விதமும் அதில் தெரிந்தது.

1936 இறுதியில் தொடங்கிய பயணம்தான் அதை உடைத்தது. அஜந்தா, எல்லோரா, ஹைதராபாத், திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி. கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனையில் ராமாயணக் காட்சிகள் வரைந்த சுவர்கள் முன்னால் உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளை மாதிரி பார்த்துப் பார்த்து வரைந்தார். பாரிஸில் பதக்கம் வாங்கியவர், பெயர் தெரியாத ஓவியர்களிடம் மறுபடி பாடம் படித்தார். கூட்டமாக மனிதர்களை நெருக்கி வைத்தும், ஒவ்வொருவரையும் தனியாகத் தெரிய வைப்பது எப்படி என்பதுதான் பாடம்.

சிம்லா திரும்பியதும் மூன்று ஓவியங்கள் பிறந்தன: ‘பிரைட்ஸ் டாய்லெட்’, ‘பிரம்மச்சாரீஸ்’, ‘சவுத் இந்தியன் வில்லேஜர்ஸ் கோயிங் டு மார்க்கெட்’. இரண்டாவதைப் போனில் பெரிதாக்கிப் பாருங்கள். பூணூல், வெள்ளை வேட்டியோடு ஐந்து இளைஞர்கள். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு நிறம். நம் ஊர்க் கோயில் குளத்துப் படித்துறையில் பார்த்த முகங்கள். யாரும் யாருடைய இரக்கத்தையும் கேட்கவில்லை.

‘இந்தியாவின் ஃப்ரீடா காலோ’ என்று அம்ரிதாவைச் சொல்வது ரீல்ஸுக்கு வசதி. ஆனால், அந்த ஐந்து பேரையும் பார்த்த பிறகு அந்த அடைமொழி தேவைப்படாது.

1938-ல் ஹங்கேரியில் உறவினர் விக்டர் எகனை மணந்து, மறு ஆண்டு இந்தியா வந்தார். முகலாய, பஹாடி சிற்றோவியங்கள் பக்கம் மனம் போனது. 1941-ல் லாகூரில் குடியேறி, பெரிய கண்காட்சிக்குத் தயாரானார். அது திறப்பதற்குள் திடீரென நோயில் விழுந்தார். டிசம்பர் 5 அன்று இறந்தபோது வயது 28. 1976-ல் அவர் படைப்புகளை இந்திய அரசு தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது.

அவர் வரைந்துகொண்டிருந்த கடைசிப் படம் முடியாமலே நின்றுவிட்டது. லாகூர் வீட்டிலிருந்து தெரிந்த காட்சி அது. பக்கத்து வீடுகள், கீழே சில எருமைகள்.