புரதம் இருந்தால் போதுமா?

புற்றுநோயைத் தடுக்கும் புரதம் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. செல்லுக்குள் எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். உதாரணமாக, 1979-இல் கண்டறியப்பட்ட பி53 புரதத்தின் முக்கிய வேலை உட்கருவில் நடக்கிறது. டிஎன்ஏ சேதமடைந்தால் அங்கே சில மரபணுக்களை இயக்கி, செல் பிரிவதை நிறுத்துகிறது. சேதம் மீறிப்போனால் செல்லையே சாகவைக்கிறது. பிடென் என்ற இன்னொரு தடுப்புப் புரதத்துக்கோ செல் சவ்வின் உட்புறமே முக்கியக் களம். வளர்ச்சியைத் தூண்டும் கொழுப்பு மூலக்கூறு ஒன்றை அங்கே அது செயலிழக்கச் செய்கிறது. குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா கட்டிகள் சிலவற்றில், பழுதில்லாத பி53 உட்கருவுக்கு வெளியே சைட்டோபிளாசத்தில் தேங்கிக் கிடப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் பி53 மரபணுவே பழுதாகியிருக்கும்போது இடத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். மீதிப் பாதியை அந்தப் பழுது விளக்குவதில்லையே! உட்கருவுக்கு வெளியே இருந்தாலே வீண் என்றும் சொல்ல முடியாது. சைட்டோபிளாசத்து பி53 மைட்டோகாண்ட்ரியா வழியாகச் செல்லைச் சாகவைப்பதும் உண்டு. எந்த இடத்தில் எந்த வேலை என்பதே கேள்வி. மருத்துவமும் இதை ஏற்றிருக்கிறது: இத்தகைய புரதங்களை உட்கருவிலிருந்து வெளியேற்றும் எக்ஸ்போர்ட்டின்-1-ஐத் தடுக்கும் செலினெக்சர் மருந்து, மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய்க்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மரபணுவோடு புரதத்தின் இருப்பிடத்தையும் சேர்த்துப் பார்ப்பதே சரியான அணுகுமுறை.