வந்தவர் செலவிடும் காசு யார் கைக்குப் போகிறது?

மழை பொய்த்தால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் முதலில் காய்வது மானாவாரி வெள்ளாமை. அடுத்து ஆட்கள் ஊரைவிட்டுக் கிளம்புவார்கள். தாது வருஷப் பஞ்சக் காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும் தென்மாவட்டங்களின் இந்த வறண்ட சீமையிலிருந்து பிழைக்கப் போன பலர் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களில் போய்ச் சேர்ந்தார்கள். உள்நாட்டுப் போரும் ஆழிப்பேரலையும் குலைத்துப்போட்ட அதே இலங்கை, சுற்றுலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்த விதத்தை இந்தச் சீமைக்காரர்கள் கவனித்துப் பார்க்க வேண்டும்.

போர் முடிந்த 2009இல் அங்கே வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 4.48 லட்சம் பேர். 2018இல் 23 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு வருவாய் ஏறத்தாழ 438 கோடி டாலர். ஆலை கட்டி உற்பத்தி தொடங்க ஆண்டுக்கணக்கில் ஆகும். சுற்றுலாவுக்குப் பாதையும் பாதுகாப்பும் தங்க இடமும் இருந்தால் பணம் உடனே புழங்கத் தொடங்கும். 1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2014 அக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. அதில் வந்திறங்கும் ஒருவர் ஆட்டோ பிடிக்கிறார், ஒரு வீட்டில் அறை எடுக்கிறார், காலையில் இடியாப்பமும் சொதியும் சாப்பிடுகிறார். மாவு அரைத்தவர், தேங்காய் விற்றவர், இடியாப்பம் அவித்த பெண் எல்லோருக்கும் அன்றைக்கே கையில் காசு. போரில் கணவனை இழந்து, நிலமும் இல்லாமல் நிற்கும் பெண்ணுக்கு இதைவிட விரைவாகக் கிடைக்கிற வருமானம் குறைவு.

ஆனால் எல்லாக் காசும் அப்படிப் போகவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலோரத்தில் தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் தூரத்துக்கு வீடு கட்டக் கூடாது என்று இலங்கை அரசு தடை போட்டது. மீனவரின் குடிசைக்குத் தடை, சுற்றுலா விடுதிக்கு விலக்கு. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அது தளர்ந்தது. போருக்குப் பின் காங்கேசன்துறையில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இராணுவமே விடுதி நடத்தியது. சொந்த நிலத்துக்குத் திரும்ப முடியாத குடும்பங்கள் முகாம்களில் இருந்தன. இதை மீட்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, மே மாதப் பயணிகள் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் 1.29 லட்சத்திலிருந்து 38 ஆயிரத்துக்கும் கீழே போனது. அடுத்துக் கொரோனா, 2022இல் டாலர் தட்டுப்பாடு. 2024இல்தான் பயணிகள் எண்ணிக்கை மறுபடி 20 லட்சத்தைத் தாண்டியது. சுற்றுலாவை மட்டும் நம்பியவர்கள் இடையில் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இனி திருச்சுழிக்கு வருவோம். 1879 டிசம்பர் 30 அன்று ரமண மகரிஷி பிறந்த ஊர். குண்டாற்றங்கரையில் சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில், பக்கத்தில் ரமணர் பிறந்த வீடான சுந்தர மந்திரம். வெளிநாட்டு பக்தர்களும் தேடி வருகிறார்கள். மதுரையிலிருந்து காரில் வந்து, கும்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் மதுரைக்கே திரும்பிவிடுகிறவர்களால் இந்த ஊருக்கு மிஞ்சுவது ஒரு பூமாலைக் காசும் டீக் காசும்தான். அவர்கள் ஊரில் தங்கிச் செலவிட்டால், அது மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வரக்கூடிய வருமானம். வறட்சிச் சீமைக்கு அதன் அருமை தெரியும்.

சுற்றுலாத் துறை இங்கே பெரிய விடுதிக்கு இடம் தேட வேண்டியதில்லை. உள்ளூர் வீடுகளில் பயணிகளைத் தங்கவைக்க உரிமமும் கடனும் கொடுக்கட்டும், மகளிர் குழுக்களிடம் சமையலை ஒப்படைக்கட்டும், அருப்புக்கோட்டை நெசவாளியின் சேலையைக் கோயில் வாசலிலேயே விற்க இடம் ஒதுக்கட்டும். திருச்சுழிக்கு வரும் வாசகர்களும் ஒரு ராத்திரி தங்கி, உள்ளூர்ச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.